துளசி பெயரில் ஒரு பிள்ளை

புக்கிட் ரோத்தான்,
12 ஜனவரி 2025

அன்புத் தம்பி அர்ஜுனனுக்கு,

அக்கா நவமணி எழுதுவது. நீயும் புஷ்பாவும் மகள் துளசியும் சுகம்தானே? எனக்கு முட்டி வலியைத் தவிர வேறு குறை இல்லை.

"இந்தக் காலத்துல யாரு லா கடிதம் எழுதறது" என்று சிரிப்பாய். சிரி. போனில் நான் வாயைத் திறப்பதற்குள் நீ வெட்டிவிடுகிறாய். கடிதத்தை வெட்ட முடியாது. கிழிக்கலாம், ஆனால் கிழிப்பதற்கு முன் படித்துவிடுவாய், உன் குணம் எனக்குத் தெரியும்.

நீ வெட்டிய விஷயத்தையே எழுதுகிறேன். ஆமாம், லயத்து வீட்டில் பின் அறையை ஒரு பெண்ணுக்கு விட்டிருக்கிறேன். பெயர் சுகந்தினி. சிலோன்காரப் பெண், முல்லைத்தீவுப் பக்கம். சண்டையில் வீடு வாசல் போய், புருஷனோடு இங்கே வந்து அகதியாக யு.என். கார்டு வாங்கியவள். புருஷன் செகிஞ்சானில் நெல் லோரியில் வேலை செய்தான். போன அக்டோபரில் லோரி கவிழ்ந்து அங்கேயே போய்விட்டான். இவள் பாசிர் பெனம்பாங்கில் இறால் உரித்துக்கொண்டிருந்தாள். இப்போது ஏழு மாதம். வயிற்றைத் தள்ளிக்கொண்டு வந்து வாசலில் நிற்கிறாள். கதவைச் சாத்தச் சொல்கிறாயா? உனக்கு மனசு வருமா?

கார்டு தேதி முடிந்துவிட்டது. புதுப்பிக்க ஏப்ரலில்தான் வரச் சொல்லியிருக்கிறார்கள். அதுவரை ரோட்டில் ஒரு போலீஸ் மோட்டார் போனாலும் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறாள்.

இன்னொன்று. பொங்கலுக்கு வீடு கழுவும்போது அலமாரிக்குப் பின்னால் துளசியின் ஐசி கிடைத்தது. தீபாவளிக்கு இங்கே வந்து தொலைத்துவிட்டு, அழுது, ரிப்போர்ட் கொடுத்துப் புதுசு எடுத்தாளே, அந்தப் பழைய அடையாளக் கார்டுதான். சுகந்தினி படத்தைப் பார்த்துவிட்டு, "என்ட முகம் மாதிரியே கிடக்கு அக்கா" என்று சிரித்தாள். அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பொங்கலுக்கு எல்லோரும் வயிறாரச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
நவமணி


ஜொகூர் பாரு,
26 ஜனவரி 2025

அக்காவுக்கு,

அர்ஜுனன் எழுதுவது. இங்கே அனைவரும் நலம். முட்டிக்கு எண்ணெய் தேய்க்காதே, கிளினிக்குக்குப் போ.

சிரிக்கவில்லை. சிங்கப்பூருக்கு பஸ் ஓட்டிவிட்டு வந்து உட்கார்ந்து உனக்குக் கடிதம் எழுதும்படி ஆகிவிட்டதே என்று தலையில் அடித்துக்கொண்டேன். அந்தப் பெண்ணை நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது. ஆனால் கார்டு இல்லாத ஆளை வீட்டில் வைத்திருப்பது குற்றம் அக்கா. பிடித்தால் அவளை மட்டும் கொண்டுபோக மாட்டார்கள். உனக்கு ஏன் இந்த வம்பு?

நல்ல செய்தி ஒன்று. துளசிக்கு இடம் அமைந்துவிட்டது. பையன் பெயர் தீபன், குளுவாங்கில் டெக்னீஷியன். பெரிய குடும்பம், கௌரவம் பார்க்கிற ஆட்கள். ஆவணியில் கல்யாணம். அத்தைக்காரி நீதான் முன்னால் நிற்க வேண்டும். அதற்குள் போலீஸ், கோர்ட் என்று எதிலும் மாட்டிக்கொள்ளாதே.

பழைய ஐசியைக் கத்தரிக்கோலால் வெட்டிக் குப்பையில் போடு.

அன்புடன்,
அர்ஜுனன்


புக்கிட் ரோத்தான்,
20 பிப்ரவரி 2025

அன்புத் தம்பிக்கு,

அனைவரும் நலமாக இருக்க முருகன் துணை. என் முட்டி அப்படியேதான் இருக்கிறது. துளசி செய்தி படித்ததும் பக்கத்து வீட்டுக்கெல்லாம் சர்க்கரை கொடுத்தேன். பையன் உயரமா? குடிப்பானா? ஒன்றுமே எழுதவில்லையே நீ.

இங்கே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சுகந்தினிக்கு நாள் நெருங்குகிறது. ஆஸ்பத்திரி என்ற பேச்சை எடுத்தாலே, "நான் வரமாட்டன் அக்கா, அங்க போனா பிள்ளையோட இமிகிரேஷன் டிப்போவிலதான் அடைப்பினம்" என்று நடுங்குகிறாள். இவளுக்குத் தெரிந்த ஒருத்தியைப் பிரசவ வார்டிலிருந்தே இமிகிரேஷன்காரன் கூட்டிக்கொண்டு போனானாம். கார்டு உயிரோடு இருந்தால் வெளிநாட்டுக்காரர் கட்டணத்தில் பாதி குறையும். முடிந்த கார்டுக்கு அதுவும் இல்லை. வீட்டிலேயே பெற்றுக்கொள்கிறேன் என்கிறாள். கால் இரண்டும் வீங்கி, முகமெல்லாம் வெளுத்துக் கிடக்கிறது.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அரிசி களைந்து வைத்துவிட்டு உலை வைக்க மறந்துவிடுகிறேன்.

துளசிக்கு என்ன ரத்த வகை? சும்மாதான் கேட்கிறேன். ஐசியை வெட்டச் சொன்னாய். வீட்டில் இருக்கிற கத்தரிக்கோல் மொட்டை.

இப்படிக்கு,
நவமணி


ஜொகூர் பாரு,
16 மார்ச் 2025

அக்கா,

நலம். ரத்த வகையெல்லாம் எதற்கு? ஜாதகத்தோடு அதையும் பார்க்கிறார்களா உன் ஊரில்? துளசிக்கு ஓ பாசிட்டிவ். புஷ்பா சொன்னாள்.

கத்தரிக்கோல் மொட்டை என்றால் கத்தியால் வெட்டு. வெட்டிவிட்டேன் என்று ஒரு வரி எழுது. போன் பண்ணினால் நீ எடுப்பதில்லை. இப்போது யார் வெட்டுவது?

அர்ஜுனன்


புக்கிட் ரோத்தான்,
6 ஏப்ரல் 2025

அன்புத் தம்பிக்கு,

நீங்கள் எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும். இதைப் படிக்கும்போது உட்கார்ந்துகொள்.

சுகந்தினிக்குப் பெண் குழந்தை. மார்ச் எட்டாம் தேதி பிறந்தது. முடி எவ்வளவு தெரியுமா, காதை மூடுகிறது. முழங்கையில் ஒரு மச்சம். நான் கூப்பிட்டால் தலையைத் திருப்புகிறது. உண்மையாகத்தான் லா.

வீட்டில்தான் வலி எடுத்தது. மதியம் சோறு வடித்துக்கொண்டிருந்தேன், பின் அறையில் ஒரு சத்தம். ஓடிப் பார்த்தால் தரையெல்லாம் ரத்தம். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னை விடுங்கோ, பிள்ளையைப் பாருங்கோ" என்கிறாள். பக்கத்து வீட்டு வீரன் வேனைக் கொண்டுவந்தான். வழியெல்லாம் நான் என்ன யோசித்தேன் என்று எனக்கே தெரியாது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் மிஸ்ஸி ஐசி கேட்டாள். என் கை பைக்குள் போனது. துளசியின் கார்டை எடுத்து மேசையில் வைத்தேன். "என் தம்பி மகள்" என்றேன். மிஸ்ஸி படத்தையும் பார்த்தாள், அவளையும் பார்த்தாள், உள்ளே தள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

இரண்டு பை ரத்தம் ஏற்றினார்கள். நேரத்துக்கு வராவிட்டால் இரண்டு உயிரும் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னார். அதை மட்டும் நீ யோசித்துப் பார்.

சரி, சொல்லிவிட்டேன். ஆஸ்பத்திரி கொடுத்த தாளில் பிள்ளையின் தாய் துளசி, துளசியின் தகப்பன் அர்ஜுனன் என்று இருக்கிறது. புருஷன் பெயர் கேட்டார்கள், இல்லை என்றேன். அந்தத் தாளோடு பதிவு ஆபீசுக்குப் போக எனக்குத் துணிச்சல் இல்லை. அங்கே கைரேகை வைக்கச் சொல்வார்கள். அதனால் பிள்ளைக்கு இன்னும் பிறப்புப் பத்திரம் இல்லை. ஆனால் ஒன்று, பதிந்துவிட்டால் நம் ஊர்ப் பிள்ளையாகிவிடும். தமிழ்ப்பள்ளிக்குப் போகும், ஆஸ்பத்திரிக்குப் பயமில்லாமல் போகும். அவள் மாதிரி குளியலறையில் ஒளிய வேண்டாம். தப்பா இது?

பிள்ளைக்கு முப்பதாம் நாள் சாமி கும்பிட்டோம். என் பச்சைச் சேலையில் தொட்டில் கட்டி, அத்தை முறைக்கு நானே காதில் பெயர் சொன்னேன். மணிமேகலை என்று வைத்தேன். தாய்க்காரி அமுதினி என்று கூப்பிடுகிறாள். கூப்பிடட்டும்.

துளசியிடம் சொல்லாதே. புஷ்பாவிடமும் சொல்லாதே.

நவமணி


புக்கிட் ரோத்தான்,
4 மே 2025

தம்பி அர்ஜுனனுக்கு,

நலமா என்று கேட்கக்கூட வாய் கூசுகிறது. உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. தபால்காரன் மோட்டார் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடுகிறேன். அவன் தண்ணீர் பில்லைக் கொடுத்துவிட்டுப் போகிறான். திட்டவாவது எழுது.

சுகந்தினிக்குப் புதுக் கார்டு கிடைத்துவிட்டது. கூடவே வேறு ஒரு செய்தியும். புருஷன் இருந்தபோதே வேறு நாட்டுக்கு அனுப்பச் சொல்லி இவர்கள் பேட்டி கொடுத்திருந்தார்கள். நியூசிலாந்தில் ஏற்றுக்கொண்டார்களாம். ஜூலை கடைசியில் விமானம். அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றினாள்.

பிள்ளையின் தாளைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள்.

கிள்ளானிலிருந்து ரிஸ்வானா என்று ஒரு வக்கீல் பெண் வந்து பார்த்தாள், அகதிகளுக்குக் காசு வாங்காமல் செய்கிறவள். தாளைப் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். தாளில் தாய் வேறு ஆளாக இருக்கும்வரை பிள்ளையை சுகந்தினியோடு அனுப்ப முடியாதாம். நான் போலீசில் போய் உண்மையைச் சொல்ல வேண்டும். துளசி நேரில் வந்து, "இது என் பிள்ளை இல்லை, என் கார்டை எனக்குத் தெரியாமல் எடுத்தார்கள்" என்று சத்தியம் செய்ய வேண்டும். தாய்க்கும் பிள்ளைக்கும் ரத்தம் சோதித்துப் பார்ப்பார்கள். அப்புறம்தான் ஆஸ்பத்திரி வேறு தாள் கொடுக்கும்.

துளசியை எப்படிக் கூப்பிடுவது? கல்யாணப் பெண்ணைப் போலீசில் நிறுத்தி "நான் பிள்ளை பெறவில்லை" என்று சொல்ல வைக்கவா? எனக்குத் தெரியாதா என்ன?

அதனால் வேறு வழி யோசித்தேன். சுகந்தினி முதலில் போகட்டும். அங்கே வேலை, வீடு எல்லாம் அமைத்துக்கொள்ளட்டும். பிள்ளை என்னிடம் இருக்கட்டும். புட்டிப்பால் நன்றாகக் குடிக்கிறது. பிறகு மெதுவாகக் கூப்பிட்டுக்கொள்ளலாம். யாருக்கும் கஷ்டமில்லை.

என்ன சொல்கிறாய்?

நவமணி


ஜொகூர் பாரு,
25 மே 2025

அக்காவுக்கு,

ஏப்ரல் கடிதத்தைப் படித்துவிட்டு பஸ்ஸை எடுக்க முடியாமல் டிப்போவிலேயே உட்கார்ந்திருந்தேன். அதனால்தான் எழுதவில்லை. எழுதினால் என்ன எழுதுவேன் என்று எனக்கே பயமாக இருந்தது.

என் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டுவிட்டாயே. பெற்றவன் என்று நான் ஒருத்தன் இருக்கிறேன், கேட்டாயா? கல்யாணமாகாத பெண்ணுக்குப் பிள்ளை, தகப்பன் பெயர் இல்லை என்று ஓர் அரசாங்கக் கம்ப்யூட்டரில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. குளுவாங் ஆட்கள் காதில் விழுந்தால் என்ன ஆகும்? நாளைக்கு அவளுக்கே பிள்ளை உண்டாகி ஆஸ்பத்திரிக்குப் போனால், "இது ரெண்டாவதா?" என்று கேட்க மாட்டார்களா?

அன்றைக்கு அந்த மேசையில் கார்டை வைத்தாயே, அதைக்கூட மன்னித்துவிடுவேன். ரத்தம் போகும்போது யாருக்கு மூளை வேலை செய்யும்? நானாக இருந்தாலும் வைத்திருப்பேனோ என்னவோ. ஆனால் இந்த மே மாதக் கடிதம் இருக்கிறதே, அதை மூன்று தடவை படித்தேன். தாய் போகட்டும், பிள்ளை இருக்கட்டும் என்று எழுதியிருக்கிறாய். அந்தப் பெண்ணைக் கேட்டாயா அக்கா?

மாமா போன பிறகு நீ அந்த வீட்டில் தனியாக இருக்கிறாய். உனக்கென்று ஒரு பிள்ளை இல்லை. எனக்கு அது தெரியாதது இல்லை. ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். நீ அந்தப் பிள்ளையைக் காப்பாற்றினாய், அது மார்ச் மாதம். இப்போது எடுத்துக்கொள்ளப் பார்க்கிறாய்.

துளசியை நான் அனுப்ப மாட்டேன். நீயே செய்தாய், நீயே போய்ச் சொல்.

அர்ஜுனன்


புக்கிட் ரோத்தான்,
10 ஜூன் 2025

தம்பிக்கு,

வீட்டில் எல்லோரும் நலம்தானே.

உன் கடிதத்தைக் கிழித்தேன். நான்காகக் கிழித்து அடுப்பங்கரையில் போட்டுவிட்டு, அப்புறம் பொறுக்கி ஒட்டவைத்துப் படித்தேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி எழுதியிருக்கிறாய். ஒரு வாரம் உன்னைத் திட்டிக்கொண்டே இருந்தேன். சமைக்கும்போதும் திட்டினேன், துணி காயப்போடும்போதும் திட்டினேன்.

சுகந்தினியைக் கேட்டேன். நீ சொன்னதற்காகத்தான் கேட்டேன். "நீ முன்னால போம்மா, பிள்ளைய நான் பாத்துக்கறேன்" என்றேன். அவள் தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையைத் தூக்கி மார்போடு வைத்துத் துப்பட்டாவால் கட்டிக்கொண்டாள். அன்றையிலிருந்து பிள்ளையைக் கீழே விடவே இல்லை. கட்டிக்கொண்டே துணி துவைக்கிறாள், கட்டிக்கொண்டே சாப்பிடுகிறாள். பாத்திரம் விழுந்தாலும் திடுக்கிட்டு வாசலைப் பார்க்கிறாள். முன்பு போலீசுக்குப் பயந்த அதே பார்வை. இப்போது எனக்குப் பயப்படுகிறாள், அர்ஜுனா. என் வீட்டில் இருந்துகொண்டே எனக்குப் பயப்படுகிறாள்.

மறுநாள் காலையில் ரிஸ்வானாவோடு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்த மலாய் சார்ஜன் பாதியில் நிறுத்தி, "மக்சிக், இதுக்கு ஜெயில் வரைக்கும் போகலாம், தெரியுமா?" என்றார். "தெரியும் தூவான், எழுதுங்க" என்றேன்.

கார்டுக்குச் சொந்தக்காரி வராமல் விஷயம் நகராதாம். நீ மாட்டேன் என்று சொன்னதை அவரிடம் சொன்னேன். உன்னைக் குறை சொல்லவில்லை. பெண்ணைப் பெற்றவன் வேறு எப்படிச் சொல்வான்?

நவமணி


ஜொகூர் பாரு,
29 ஜூன் 2025

அன்புள்ள அத்தைக்கு,

துளசி எழுதறேன். உடம்பு எப்படி இருக்கு? உங்க ரெண்டு பேருக்கும் போன்னு ஒண்ணு இருக்கறதே மறந்துபோச்சு, அதனால நானும் கடிதமே எழுதறேன்.

அப்பா யூனிஃபார்மைத் துவைக்க எடுத்தேன், பாக்கெட்ல உங்க கடிதம் எல்லாம் இருந்துச்சு. உட்கார்ந்து படிச்சேன். ரெண்டு நாள் சாப்பிடலை. கோபம் அத்தை, அவ்ளோ கோபம். என் பேரை என்கிட்டக் கேக்காம எடுத்துட்டீங்க. கேட்டிருந்தா நான் குடுத்திருக்க மாட்டேன், அந்த அக்கா செத்திருப்பாங்க. அதை நினைச்சா இன்னும் கோபம் வருது. யார் மேலன்னு தெரியலை.

தீபன்கிட்ட நானே சொல்லிட்டேன். அவர் முதல்ல கேட்டது, "பேபி ஓகேயா?"ன்னுதான். அவங்கம்மா அப்படி இல்லை. டேட் தள்ளிவைக்கணும்னு பேசறாங்க. தள்ளட்டும்.

வியாழக்கிழமை லீவ் போட்டிருக்கேன். பஸ்ல வரேன். அப்பாவுக்குத் தெரியாது, சொல்லிடாதீங்க. ஸ்டேஷன்ல நிக்கும்போது என் கையைப் பிடிச்சுக்காதீங்க, எனக்கு இன்னும் கோபம் போகலை.

துளசி


புக்கிட் ரோத்தான்,
3 ஆகஸ்ட் 2025

அன்புத் தம்பி அர்ஜுனனுக்கு,

நீயும் புஷ்பாவும் துளசியும் சுகமாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு வேண்டுதல் இல்லை. முட்டிக்குக் கிளினிக்கில் மருந்து வாங்கிவிட்டேன், நீ சொன்னபடியே.

துளசி எப்படிப் பேசினாள் தெரியுமா? சார்ஜன் மலாயில் கேட்க, அவள் தலை குனியாமல் பதில் சொன்னாள். "குழந்தை உங்களோடதா?" என்று கேட்டார். "இல்லை, இந்த அக்காவோடது" என்று சுகந்தினியைக் காட்டினாள். கையெழுத்துப் போட்டு முடித்ததும் சுகந்தினி துப்பட்டாவை அவிழ்த்துப் பிள்ளையை எடுத்தாள். என்னிடம் கொடுப்பாளோ என்று ஒரு நிமிஷம் கையை நீட்டிவிட்டேன். துளசியிடம் கொடுத்தாள். "உங்கட பேர்லதானே பிறந்தது, ஒருக்காத் தூக்குங்கோ" என்றாள். துளசி அழுதுவிட்டாள்.

பஸ்ஸில் வந்ததாகச் சொன்னாள். நான் நம்பவில்லை. ஸ்டேஷனுக்கு எதிரே மழைமரத்தடியில் ஜொகூர் ஜே நம்பர் போட்ட ஒரு வெள்ளைக் கார் காலையிலிருந்து நின்றது. உள்ளே தொப்பியை முகத்துக்கு இறக்கிக்கொண்டு ஓர் ஆள். நான் வெளியே வந்தபோது அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். உன் முதுகு எனக்குத் தெரியாதா லா? சின்ன வயதில் நான் தூக்கிச் சுமந்த முதுகு. வந்தவன் உள்ளே வந்து ஒரு வாய்த் தண்ணீர் குடித்திருக்கலாம்.

ரத்தச் சோதனை வந்தது. ஆஸ்பத்திரி புதுத் தாள் கொடுத்தது. தாய் சுகந்தினி, பிள்ளை அமுதினி. துளசி பெயரை எடுத்துவிட்டார்கள். ரிஸ்வானா அதற்கும் ஒரு கடிதம் வாங்கித் தந்திருக்கிறாள், இதோடு வைத்திருக்கிறேன், குளுவாங் சம்பந்தியம்மாவிடம் காட்டு. கல்யாணம் தைக்குப் போனது என்னால்தான். நான் வந்து அந்த அம்மா காலில் விழச் சொன்னாலும் விழுகிறேன்.

போன வியாழன் அவர்கள் கிளம்பினார்கள். விமான நிலையத்துக்குப் போக முடியவில்லை. அன்றைக்குத்தான் எனக்குக் கோர்ட்டில் முதல் தவணை. செப்டம்பருக்குத் தள்ளியிருக்கிறார்கள். என்ன கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிறேன், செய்தது செய்ததுதான். காலையில் சுகந்தினி வேனில் ஏறும்போது பிள்ளையை என் கையில் வைத்தாள். அந்தப் பயம் அவள் முகத்தில் இல்லை. பிள்ளையை நான்தான் திருப்பிக் கொடுத்தேன். அவள் கேட்பதற்கு முன்னாலேயே கொடுத்துவிட்டேன். அமுதினி என்றுதான் கூப்பிட்டேன். தலையைத் திருப்பிப் பார்த்தது.

தொட்டில் இன்னும் உத்திரத்தில்தான் தொங்குகிறது. நாற்காலி போட்டு ஏறினேன். முடிச்சு வரைக்கும் கை போகிறது, அவிழ்க்க வரவில்லை. காற்று அடித்தால் அது ஆடுகிறது. நான் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து உட்காருகிறேன். மறுபடியும் ஆடுகிறது, மறுபடியும் போகிறேன்.

இனிமேல் கடிதம் எழுதாதே. வந்து சேர நாளாகிறது. போன் பண்ணு. பேச ஒன்றுமில்லை என்றால் திட்டு. நான் வெட்டமாட்டேன்.

அக்கா